மேல்முறையீடு: உரிமை உண்டு, விசாரணை எப்போது?

புதுதில்லி: அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஓர் ஆயுள் கைதியை நிரபராதி என்று விடுதலை செய்தது. அதற்குள் அவர் 20 ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார். சிறையிலிருந்து அவர் அனுப்பிய மேல்முறையீட்டு மனு, குறைபாடுகள் உள்ளதாகக் குறிக்கப்பட்டு, பல ஆண்டுகள் விசாரணைக்கே வராமல் கிடந்தது.

குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றத்தை அணுகுவது சலுகை அல்ல. சட்டம் தந்த உரிமை. ஒரு முறையாவது மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு நியாயமான நடைமுறையின் அங்கம் என்று 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதிக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக வழங்க வேண்டும், வசதியற்றவருக்குச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, மேல்முறையீட்டு ஏற்பாடு பெரிதும் மாறவில்லை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். மரண தண்டனை என்றால் 30 நாள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே மனுவைக் கொடுக்கலாம்.

இரு வகைத் தடை: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. அது அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே வழங்கப்படுகிறது. அரசியல்வாதிகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெறும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், மேல்முறையீடு செய்தாலே பதவியில் நீடிக்கலாம் என்ற பாதுகாப்பை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின், தண்டனை மட்டும் நிறுத்தப்பட்டால் பதவி மீளாது. தீர்ப்பும் நிறுத்தப்பட வேண்டும்.

ராகுல் காந்தி 2023 மார்ச் 23-ல் சூரத் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, மறுநாள் எம்.பி. பதவியை இழந்தார். செஷன்ஸ் நீதிமன்றமும் குஜராத் உயர் நீதிமன்றமும் தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தன. ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 7-ம் தேதி பதவி திரும்பியது. தமிழக அமைச்சராக இருந்த பொன்முடியின் வழக்கிலும், 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தண்டனைத் தீர்ப்பை 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இவை இடைக்கால உத்தரவுகளே. மேல்முறையீட்டின் முடிவுகள் அல்ல. ஆனால் இடைக்கால உத்தரவு வரை மூத்த வழக்கறிஞர்களுடன் விரைந்து செல்லும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தேங்கும் இடம்: ஆயுள் தண்டனை வழக்குகளை உயர் நீதிமன்றத்தில் பொதுவாக இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கிறது. அதற்கு முன் கீழ் நீதிமன்ற ஆவணங்கள் வர வேண்டும். அவற்றைத் தொகுத்து அச்சிட்ட பிரதி தயாராக வேண்டும். கைதிக்காக வாதாட ஒருவர் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வழக்கு பின்தள்ளப்படுகிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்ற விசாரணையின்போது, அலாகாபாத்தில் மட்டும் சுமார் 63,000 குற்றவியல் மேல்முறையீடுகள் நிலுவையில் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டது. அங்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி பணியிடங்கள் 160.

ஐந்து, ஆறு ஆண்டுகளாகியும் மேல்முறையீட்டை விசாரிக்க இயலாத நிலையில் கைதியைச் சிறையிலேயே வைத்திருப்பது நீதியைக் கேலிக்கூத்தாக்கும் என்று 1977-லேயே காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. பத்தாண்டு சிறையில் கழித்தவர்களின் மேல்முறையீடு விரைவில் விசாரணைக்கு வராது எனில், வேறு காரணம் இல்லாவிட்டால் ஜாமீன் வழங்கலாம் என 2022-ல் அறிவுறுத்தியது. 2025 ஜனவரி 30-ல், அரசியல் சாசனத்தின் 224-ஏ பிரிவின்படி ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் தற்காலிகமாக அமர்த்தி நிலுவை மேல்முறையீடுகளை விசாரிக்க, முந்தைய நிபந்தனைகளைத் தளர்த்தியது.

ஜாமீன், காத்திருப்பின் கொடுமையைக் குறைக்கும். குற்றவாளியா, நிரபராதியா என்ற கேள்விக்கு விடை தராது. தண்டனைக் காலம் முடிந்தபின் வரும் விடுதலைத் தீர்ப்பு, மேல்முறையீட்டு உரிமையைக் காகிதத்தில் மட்டுமே காப்பாற்றுகிறது.