சிப் இல்லாமலே 'சக்தி' ஓடுவது எப்படி?

திருத்தணி மலையடிவாரப் பூக்கடையில் ஆந்திர பக்தர் தெலுங்கில் கேட்பார். கடைக்கார அம்மா மகளிடம் தமிழில், "ரெண்டு முழம் அளந்து கொடும்மா" என்பார். எமுலேட்டர் செய்வதும் இதே வேலைதான். ஒரு பிராசஸருக்கான கட்டளையை வேறொரு பிராசஸருக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது.

சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசஸரின் மொழி ரிஸ்க்-ஃபைவ். அதன் கட்டளை ஒன்று:

000000000001 01010 000 01010 0010011

கடைசி 7 இலக்கம் கட்டளையின் வகை. நடுவிலுள்ள 000, 'கூட்டு'. முதல் 12 இலக்கம் கூட்ட வேண்டிய எண், அதாவது 1. இருமுறை வரும் 01010, பத்தாம் எண் ரெஜிஸ்டர்: அங்கிருந்தே எடு, அங்கேயே வை. புதிய மொழி பேசும் பிராசஸர் என்றால் எமுலேட்டரில் இப்படி ஒவ்வொரு கட்டளைக்கும் பொருள் எழுத வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

2021இல் கியூஇஎம்யூ என்ற திறமூல எமுலேட்டரில் சக்தியின் 'சி' வகை சேர்ந்தபோது, ரிஸ்க்-ஃபைவ் மொழி அந்த எமுலேட்டருக்கு ஏற்கெனவே தெரியும். முக்கியமாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது விலாசங்களை. நினைவகம் பதினாறடிமான எண்ணில் 80000000இல் தொடங்குகிறது. எழுத்துகளை வெளியே அனுப்பும் யுஏஆர்டி 11300இல் இருக்கிறது. அந்த இரண்டாவது எண் பிசகினால் திரை வெறுமையாகவே கிடக்கும்.

எனக்கு இதில் பெருமை உண்டு. திருத்தணி மாணவி ஒருத்தி, போர்டு வாங்கக் காசில்லாமலே, பழைய லேப்டாப்பில் சக்திக்கு நிரல் எழுதிப் பார்க்கலாம்.