கதவு திறந்தே இருக்க வேண்டும்

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது வாரத்துக்கு 30 மணி நேரம். மாதம் கையில் கிடைத்தது 950 யூரோ. பல்கேரியாவிலிருந்து பெர்லினுக்கு வந்த அந்தப் பெண்மணிக்குத் தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டிலேயே ஜாகை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் சமையல், துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, பேச்சுத்துணை என்று இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். அதன் பிறகும் அறைக்கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பாட்டி கூப்பிட்டால் ஓட வேண்டுமே! இதைத்தான் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பதும் வேலை நேரமே, அதற்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூன் 24 அன்று தீர்ப்பளித்தது. மறுவிசாரணைக்குப் பின் 38,000 யூரோவுக்கு மேல் பாக்கி தரச்சொல்லி உத்தரவானது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். சட்டப்படி ஷிஃப்ட் போட்டால், இரவு பகலாகத் துணை வேண்டிய ஒரு முதியவருக்கு நான்கு பேராவது தேவை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. அரசும் முழுச் செலவை ஏற்பதில்லை. அதனால் நால்வரின் வேலை கிழக்கிலிருந்து வரும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. ஐரோப்பாவில் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

ஆள் வரும் ஊர்களின் நிலைமை என்ன? ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2014 முதல் இந்த இரு நாட்டு மக்களும் ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் தடையின்றி வேலை பார்க்கலாம். 1992 கணக்கெடுப்பில் 2 கோடியே 28 லட்சமாக இருந்த ருமேனிய மக்கள்தொகை, 2021-இல் 1 கோடியே 90 லட்சம். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இளவயதினர் வெளியேறியது பெரிய காரணம். அங்கேயும் கிழவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மகள் வியன்னாவில் வேறொருவரின் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்திரியாவில் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் காகிதத்தில் சுயதொழில் செய்பவர்கள். ஆகவே குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, வேலை நேர வரம்பும் கிடையாது. ஒரு வீட்டுக்கு இருவர் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறி மாறி வருவார்கள். 2020-இல் கொரோனா எல்லைகளை மூடியபோது இந்தச் சுழற்சி அறுந்தது. அரசு பதறிப்போய், அந்த மே மாதம் ருமேனியாவின் டிமிஷ்வாராவிலிருந்து தனி ரயிலே விட்டது. அத்தனை அவசியமானவர்களுக்கு அதே நாடு செய்தது என்ன தெரியுமா? ‘உங்கள் பிள்ளைகள் வளரும் ஊரில் விலைவாசி குறைவு’ என்று சொல்லி, 2019 முதல் அவர்களது குழந்தைகளுக்கான உதவித்தொகையை வெட்டியிருந்தது. உழைப்பவரிடம் முழு வரியும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் வாங்கிக்கொண்டு பிள்ளைக்குப் பாதி நீதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2022 ஜூனில் அந்த வெட்டு சட்டவிரோதம் என்றது.

கிழக்கு ஐரோப்பாவிலும் ஆள் வற்றுவதால் தேடல் இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அப்படிப் போகிறவர்களில் மருத்துவமனை வேலைக்குப் போகும் நர்ஸின் நிலை வீட்டோடு தங்குபவரைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் ஏஜென்சி நீட்டும் தாளில் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இரவில் அழைப்புக்காகக் காத்திருந்தால் அதற்குக் கணக்கு உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்வார்கள் என்பதையெல்லாம் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.