தாலியதெல்லே என்னும் நாடா உணவு

இத்தாலியின் வடபகுதியிலுள்ள பொலோஞா நகரத்தார் பெருமையுடன் உண்ணும் உணவு தாலியதெல்லே. சீனர் கடைகளில் நாம் காணும் மீயைப் போல உருண்டு நீண்டதன்று, தட்டையான நாடா. 'தாலியாரே' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு வெட்டுதல் என்பது பொருள். ஆகவே இது காரணப் பெயராகும்.

100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர் சேர்ப்பதில்லை. நன்கு பிசைந்து, சற்று நேரம் மூடிவைத்து, நீண்ட உருளைக்கட்டையால் மெல்லிய விரிப்பாகத் தேய்த்து, சுருட்டி வெட்டுவர். வெந்தபின் நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அந்நகர வணிகக் கழகத்தில் இவ்வளவைப் பதிவு செய்து, பொன்னால் ஒரு மாதிரி நாடாவையும் வைத்தனர். ஏறக்குறைய 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லிக் கோபுரத்தில் 12,270இல் ஒரு பங்கு அது என்றும் கணக்கிட்டுள்ளனர்! உணவுக்கு இத்துணை நுணுக்கமா என்று நாம் வியக்கலாம்.

1487இல் லுக்ரேசியா தெஸ்தே என்னும் சீமாட்டியின் திருமணத்தின்போது, அவருடைய பொன்னிறக் கூந்தலைக் கண்டு ஒரு சமையற்காரர் இதனைப் படைத்தார் என்பர். அது 1931இல் அகுஸ்தோ மயானி என்பவர் வேடிக்கையாகப் புனைந்தது. வகுப்பிலே சொல்லும் ஆசிரியர்கள், கதையைக் கதையென்றே சொல்லிவிடுதல் நன்று.

இனிச் சத்தினைக் காண்போம். கோதுமையில் புரதம் உண்டு; ஆனால் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத லைசின் என்னும் கூறு அதிற் குறைவு. முட்டை அக்குறையை ஈடுசெய்கிறது. பயிற்சிக் கல்லூரியில் சத்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்த நாங்கள், எது எதனோடு சேர வேண்டுமென்று கேட்டோமில்லை.

முட்டை வாங்க இயலாத ஏழைகள் என் செய்தனர்? அவர்கட்கு முட்டை சேர்த்த நாடா பண்டிகை நாள் உணவாகவே இருந்தது. ஆனால் அந்நாட்டில் 'மால்தாலியாத்தி' என்றும் ஒன்றுண்டு. ஒழுங்காக வெட்டப்படாதவை என்று பொருள். நாடா வெட்டியபின் எஞ்சும் ஓரத் துண்டுகளே அவை. அவற்றைக் காய்ந்த பீன்ஸ் விதையோடு வேகவைத்துக் கெட்டியான சூப்பாக உண்பர். பீன்ஸில் லைசின் மிகுதி. அதிற் குறைந்த மெதியோனின் கோதுமையிலே கிடைக்கிறது. இறைச்சியே இல்லாத நாளிலும் அக்கிண்ணத்தில் பிள்ளைகளுக்கு நிறைவான புரதம் கிடைத்தது. பொன்னால் மாதிரி செய்யப்பட்டதோ நாடாவுக்கு மட்டுமே.