காளானுக்கும் நோய் வரும்

நெற்பயிரைத் தாக்கும் குலைநோயும் நம் தோலில் தோன்றும் படர்தாமரையும் பூஞ்சைகளால் உண்டாகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் சமைத்துண்ணும் காளானும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததே. பிற உயிர்களுக்கு நோய் தரும் இனத்தில் பிறந்த காளானுக்கே நோய் வருமா? வரும். அதைத் தருவது, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா.

உலகில் பரவலாகப் பயிரிடப்படும் மொட்டுக் காளானின் குடை வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சில வேளைகளில் அதன்மீது வெளிர் மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன. அவை விரைவில் பழுப்பாக மாறி, சற்றே குழிந்து, ஒன்றோடொன்று கலந்து பெரிய கறைகளாகின்றன. இதுவே பழுப்புக் கறை நோய். கறை 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்வது அரிது. ஆயினும் கறைபட்ட காளானை யாரும் விரும்பி வாங்குவதில்லை. பறிக்கும்போது வெள்ளையாக இருந்த காளான், பொட்டலத்தில் இருக்கும்போதே கறைபடுவதும் உண்டு. பல வார உழைப்பு இவ்வாறு வீணாகிறது.

1915ஆம் ஆண்டில் தோலாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இது பாக்டீரியாவால் வரும் நோய் என விவரித்தார். 1919இல் இங்கிலாந்தில் பெயின் என்பவர் இதனை மேலும் ஆராய்ந்தார். தோலாஸின் பெயரை ஒட்டியே இந்தப் பாக்டீரியா ‘சூடோமோனாஸ் தோலாசி’ எனப்படுகிறது. கோல் வடிவமுள்ள இது, கசையிழைகளின் உதவியால் நீரில் நீந்தக்கூடியது.

இவ்வளவு சிறிய உயிர் காளானை எவ்வாறு தாக்குகிறது? இது ‘தோலாசின்’ என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 18 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியும், அதன் நுனியில் ஒரு கொழுப்பு அமிலமும் சேர்ந்ததே தோலாசின். செல்லைச் சூழ்ந்துள்ள சவ்விலும் கொழுப்பே மிகுதி. ஆகவே தோலாசின் அதனுள் எளிதில் புகுகிறது. பல மூலக்கூறுகள் ஒன்றுகூடிச் சவ்வில் துளைகளை அமைக்கின்றன. அத்துளைகள் வழியே செல்லின் உப்புச் சமநிலை குலைகிறது. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுகிறது. செல் உப்பி வெடிக்கிறது. மேலும், சோப்பைப் போலத் தோலாசினும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அதனால் துளியாக நிற்க வேண்டிய நீர் குடைமீது பரவுகிறது.

பழுப்பு நிறமோ பாக்டீரியாவின் நிறமன்று. நறுக்கி வைத்த கத்தரிக்காய் சிறிது நேரத்தில் பழுப்பாவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உடைந்த செல்களில் உள்ள நொதிகள், பீனால் வகைப் பொருள்களை ஆக்சிஜனுடன் சேரச் செய்கின்றன. காளானிலும் இதுவே நிகழ்கிறது. இறுதியில் உண்டாகும் மெலனின் என்ற நிறமியையே நாம் கறையாகக் காண்கிறோம்.

அப்படியானால் பாக்டீரியாக்களை அடியோடு அழித்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல் இருக்கிறது. மொட்டுக் காளானை வளர்ப்பவர்கள், காளான் இழைகள் பரவிய மக்கிய உரத்தின்மேல் ஒரு மண்படுகையைப் பரப்புவார்கள். அந்த மண்ணிலிருந்து நோய்ப் பாக்டீரியா வரக்கூடும். ஆனால் மண்ணை முற்றிலும் கிருமி நீக்கம் செய்தால் காளான் சரிவர மொட்டு விடுவதில்லை! மொட்டு விடுவதைத் தடுக்கும் ஓர் ஆவிப்பொருளைக் காளான் இழைகளே வெளியிடுகின்றன. அதை அகற்றி உதவுவது ‘சூடோமோனாஸ் புடிடா’ என்னும் மண் பாக்டீரியா. பெயரிலிருந்தே தெரியும், நோய் தருவதும் துணை நிற்பதும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

ஆகவே, பாக்டீரியா இருந்தும் நோய் வராமல் காப்பதே வழி. பாக்டீரியா பெருகக் குடைமீது மெல்லிய நீர்ப்படலம் நிலைத்திருக்க வேண்டும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஒன்று, நாம் தெளிக்கும் நீர். மற்றொன்று, காற்றிலுள்ள நீராவி. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் ‘வியர்ப்பது’ போலக் காளானும் வியர்க்கிறது. வளர்ப்பு அறையில் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 90 சதவீதம் எனக் கொள்வோம். அக்காற்றின் பனிநிலை சுமார் 16.3 டிகிரி. அதாவது, குடையின் பரப்பு 2 டிகிரி குளிர்ந்தாலே பனி படியும். ஈரப்பதம் 95 சதவீதமானால் 1 டிகிரி குளிர்ச்சியே போதும்.

இனி ஒரு சிறு கணக்கு. பாக்டீரியா மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது எனக் கொள்ளுங்கள். 3 மணி நேரத்தில் ஒன்று 8 ஆகும். 10 மணி நேரத்திலோ 1,024 ஆகிவிடும். தெளித்த நீர் 2 அல்லது 3 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

எனவே வளர்ப்பவர்கள் நீர் தெளித்த பின் விசிறிகளால் காற்றோட்டம் தருகிறார்கள். வெப்பநிலை சட்டென மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தெளிக்கும் நீரில் குளோரின் மருந்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். குளோரின் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் குடை ஈரமாகவே இருந்தால், எஞ்சிய சிலவே மீண்டும் பெருகிவிடும்.

காளான் வளர்ப்பு அறையில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் ஏன் தொங்குகின்றன என்று யாரேனும் உங்களைக் கேட்டால், இனி நீங்களே விடை சொல்லலாம்.