காவிரி ஆமைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பங்குனி ஆமை எனும் கடலாமைகளைக் காக்கக் கைகொடுக்க நினைக்கும் ஓசூர்க்காரருக்குச் சென்னைக் கடற்கரை சுமார் 300 கிலோமீட்டர் தூரம். போகலாம், போவது நல்லதும்கூட. ஆனால் அந்த ஆமைகளைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கும் ஆமை ஒன்று நம் மாவட்டத்துக் காவிரியிலேயே இருக்கிறது: லீத் மென்னோட்டு ஆமை. இறைச்சிக்காகவும் ஓட்டின் ஓரத்துக் குருத்தெலும்புக்காகவும் வேட்டையாடப்பட்டு, மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறிவிட்டது. 2022-ல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தபோது, காக்க வேண்டிய உயிர்களாகப் பெயர் சொன்னவற்றில் இதுவும் ஒன்று.

அறிவிப்போடு வேலை முடிந்துவிடாது என்பதைச் சென்னையில் பார்க்கலாம். அங்கே மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல், முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறார்கள். டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல் மணலில் ஆமைத் தடம் தெரிந்தால், அது முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். நூறையொட்டிய முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வெளிவரும் குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கி ஓடிவிடாமல் கடலில் சேர்ப்பார்கள். இதைவிடப் பெரிய வேலை, எத்தனை குழி, எத்தனை இறந்த ஆமை என்று அவர்கள் விடாமல் எழுதிவரும் கணக்கு. 2025 ஜனவரியில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கியபோது, இது வழக்கமான சாவு அல்ல என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்குதான் உதவியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிப்பதும் அவற்றின் வலையில் ஆமைகள் சிக்குவதும் பொது விவாதத்துக்கு வந்தன.

காவிரி ஆமைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்றால், யானையும் முதலையும் உலவும் ஆற்றங்கரையில் பொதுமக்களுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவு நடை அங்கே கூடவே கூடாது. அனுமதியில்லாமல் சரணாலயத்தில் கால் வைக்கவும் முடியாது. ஆனால் இதே வனத்துறைதான் பறவைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறது. பகலில் வனக்காவலர் துணையோடு மணல்திட்டுகளைப் பார்ப்பதும், வலையில் சிக்கும் ஆமையை விட்டுவிடும்படி மீன் பிடிப்பவர்களிடமும் பரிசல்காரர்களிடமும் பேசுவதும் நடக்கக்கூடியவையே. ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்கு நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. சென்னையில் நடப்பவர்களும் மறுநாள் கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவர்கள்தான். மாதத்தில் ஒரே ஒரு வாரவிடுமுறை நாள் போதும். வருடக்கணக்கில் விடாமல் தர வேண்டும், அதுதான் கஷ்டம். காவிரிக் கரையில் உள்ள பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்பது நாள்தோறும் அளக்கப்பட்டு நாளிதழில் வருகிறது. அந்தத் தண்ணீரில் எத்தனை ஆமை மிஞ்சியிருக்கிறது என்று எண்ண அனுமதி கேட்டு, ஓசூர், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை இளைஞர்கள் ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் இந்த ஆண்டே மனுக் கொடுக்கலாம்.