132 கிராமங்களும் ஓர் அண்டா பாயசமும்

2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. ஊர்வாரிப் பட்டியல் வந்ததும் ‘பெண் குழந்தையே இல்லாத கிராமம்’, ‘பெண்கள் மிகுந்த அதிசய ஊர்’ என்று தலைப்புகள் வரிசை கட்டும். அதற்குள் ஒரு பழைய செய்தியைக் கிளறிப் பார்த்துவிடலாம்.

2019 ஜூலை. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் 132 கிராமங்களில் மூன்று மாதமாக ஒரு பெண் குழந்தைகூடப் பிறக்கவில்லை, பிறந்த 216-ம் ஆண் என்றது செய்தி. கருவிலேயே கொல்கிறார்கள் என்று நாடு பதறியது.

216-ஐ 132-ஆல் வகுத்துப் பாருங்கள். ஊருக்கு இரண்டு பிள்ளைகூடத் தேறாது. ஒரே பிரசவம் நடந்த ஊரில் அது ஆணாக இருக்கப் பாதிக்குச் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு. இரண்டு பிறந்தால் இரண்டும் ஆணாவது நாலில் ஒன்று. மூன்றும் ஆணாவது எட்டில் ஒன்று. மாவட்டத்தில் இருப்பதோ சுமார் 500 கிராமங்கள். பெண் பிறக்காத ஊர் ஒன்றும் அகப்படாமல் போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறார்கள். அண்டாவில் முந்திரியும் திராட்சையும் சரிபாதி. உங்கள் கரண்டியில் இரண்டு திராட்சை மட்டும் வந்தது. எதிர் இலைக்காரருக்கு மூன்று முந்திரி. சமையல்காரருக்கு உங்கள்மேல் என்ன பகை என்று யோசிக்கிறீர்கள். ‘திராட்சை இலைகளை’ மட்டும் பொறுக்கி எடுத்துப் பெண் வீட்டார் பஞ்சாயத்தே கூட்டிவிடலாம். ஆனால் சமையல்காரர் நிஜமாகவே முந்திரியை மடியில் கட்டினாரா என்பதை அண்டாவைக் கவிழ்த்து எண்ணினால்தான் கண்டுபிடிக்க முடியும்.

உத்தரகாசியில் பிறகு அண்டாவைக் கவிழ்த்தார்கள். அதே மூன்று மாதத்தில் வேறு 129 கிராமங்களில் 180 பெண் குழந்தைகள். ஆண் ஒன்றுகூட இல்லை. மாவட்டம் முழுக்கப் பெண் 479, ஆண் 468. இந்தக் கணக்கு முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

இயற்கையில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் பிறப்பது வழக்கம்; ஆயிரம் ஆணுக்கு 952 பெண். ஆறு வயது வரை 50 பிள்ளைகள் உள்ள ஊரில், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே, பெண்கள் 21 பேரும் இருக்கலாம், 28 பேரும் இருக்கலாம். முதல் ஊரின் விகிதம் 724, அடுத்ததன் விகிதம் 1273. முன்னதற்கு விசாரணை, பின்னதற்குப் பாராட்டு விழா! பிள்ளைகள் 50,000 பேர் என்றால் இதே ஊசலாட்டம் 944-க்கும் 961-க்கும் இடையே அடங்கிவிடும்.



இதைச் சொன்னால், கருக்கொலையே கட்டுக்கதை என்று கிளம்ப ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 2011 கணக்கில் ஹரியானாவின் குழந்தைப் பாலின விகிதம் 834. அங்கே எண்ணப்பட்ட பிள்ளைகள் லட்சக்கணக்கில். அவ்வளவு பெரிய அண்டாவில் தற்செயல் என்ற சாக்கு செல்லாது. முந்திரி களவு போனது உண்மை.

அடுத்த பட்டியலில் உங்கள் ஊர் வரியைத் தேடும்போது விகிதத்தைப் பார்க்காதீர்கள். முதலில் ‘0–6 வயது’ கட்டத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். நூறுக்குள் இருந்தால் அந்த ஓர் எண்ணை வைத்து ஊரைத் திட்டவும் வேண்டாம், மெச்சவும் வேண்டாம்.