கணக்குக் கேட்பதும் தொண்டுதான்

வவுனியா கோவில்குளம் சிவன் கோயிலைச் சார்ந்து சிறுவர் இல்லமும் முதியோர் இல்லமும் இயங்குகின்றன. கிளிநொச்சி ஜெயந்திநகரில் மகாதேவ சைவச் சிறார் இல்லம் இருக்கிறது. 2009 இல் முடிந்த போர் ஆதரவற்றவர்களாக்கிய பலருக்கு வன்னியில் இத்தகைய இடங்களே புகலிடம். புலம்பெயர்ந்த உறவுகளின் நன்கொடை இவ்வகை இல்லங்களுக்குப் பெரும் துணை. கொடுப்பவர் கடல் கடந்து இருக்கிறார். பெறுபவரோ கேள்வி கேட்க முடியாத பிள்ளை. இருவருக்காகவும் கேட்க வேண்டியது சம்பளம் வாங்காத நிர்வாக சபைதான். அதில் உறுப்பினராவது வெறும் கௌரவம் அல்ல.

கோயில் காரியத்தில் கணக்குக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்பார்கள். நேர்மையான பொருளாளரைப் பிற்காலப் பழியிலிருந்து காப்பதே அந்தக் கணக்குத்தான். சபை கேட்காவிட்டால் அரசு கேட்கும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்கச் சட்டம். மோசடி நேர்ந்தால் இடைக்கால சபையை நியமிக்க 1998 ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. வயலும் உத்தியோகமும் உள்ள சபை உறுப்பினர்களுக்குக் கணக்குப் பார்க்க நேரமேது என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே வரவுசெலவு அறிக்கை கூட்டத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும். பதவிகள் கைமாற வேண்டும். அந்த இல்லத்திலேயே வளர்ந்த ஒருவருக்கும் சபையில் இடம் வேண்டும்.